எளிய தொழிலும் அரிய தொழிலும்

சிவமயம்

உழைப்புஞ் சிறிதாய் ஊதியமுஞ் சிறிதாய தொழிலொன்றும், உழைப்பும் பெரிதாய் ஊதியமும் பெரிதாய தொழிலொன்றும் ஒருங்கே வந்தெய்தியவிடத்துச் சைவநெறி நிற்பானொருவன் அவற்றுள் எதனைக் கொள்ளுதல் முறையாம் என்பதனைச் சித்தாந்த சாத்திரவழி நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம். இஃது உலகியல் வினாவன்றோ, சாத்திரத்திற்கு இதன்கண் இயைபென்னை யெனின், வினையைப்பற்றி யெழும் வினா யாதும் சித்தாந்தத்திற்குப் புறம்பாகாது என்க.

வினா எழுந்தவாறு

திருத்தணிகை மலைக்குத் தென்கிழக்கே, திருவாலங்காட்டிற்கு அணித்தாக உள்ளது மணவூர். சென்னைக்கும் அரக்கோணத்திற்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையில் அஃதொரு நிலையமாதலின், அவ்வூர் இளைஞர் பலர் நாடோறும் புகைவண்டியேறிச் சென்று தொழில் புரிந்து மீள்வர். ஆண்டு என்பாற் சிவஞானசித்தியார் பாடங் கேட்டுவரும் மாணாக்கர் ஒருவர்க்கு இருவேறு பணிகள் ஒரே திங்களில் வாய்த்தன. ஒன்று ஊரினகத்தே கணக்கெழுதும் பணி. பிற்பகல் மூன்று மணிக்கு முடிந்துவிடும். மற்றொன்று அம்பத்தூரில் இயந்திரச்சாலை யொன்றன் மேற்பார்வை. முறைமாற்றி இரவினும் விழித்திருத்தல் வேண்டும். ஊதியமோ முன்னையதனினும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

அவர் என்பால் வந்து, "ஐயா, எளிய பணியையே கொள்ளத் துணிந்தேன். மாலையில் ஆலங்காட்டு இரத்தினசபையில் தரிசனஞ் செய்யலாம், இரவிற் சாத்திரம் பயிலலாம், பொருளாசையும் வளராது" என்றார். யான் மகிழ்வேன் என்றெண்ணியே அவர் அதனைக் கூறினார். ஆயினும் அவர் குடும்பநிலையை யான் அறிவேனாதலின், "தம்பி, தந்தையார் பட்ட கடனைத் தீர்ப்பவர் யாவர்?" என்றேன். "அது பிராரத்தப்படி ஆகும், ஐயா. இருவினையும் ஒப்பென்று கண்டவனுக்குக் கடனென்ன, தனமென்ன?" என்றார்.

அவ்விடை என்னைத் திடுக்கிடச் செய்தது. யான் பாடஞ்சொல்லிய சொற்களே தந்தையின் கடனை மறத்தற்குக் கருவியாய் வந்துநின்றன. அதுபற்றியே இவ்வாராய்ச்சியை எழுதத் துணிந்தேன்.

பிராரத்தமும் ஆகாமியமும்

பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்பது சித்தியார் இரண்டாஞ் சூத்திரத்திற் கூறப்பட்டது. இதனைக் கேட்ட அளவிலே, வருவது வந்தே தீருமாதலின் அரிய தொழிலை மேற்கொண்டு வருந்துவது வீண் என்று முடிப்பார் உளர். அன்னோர் அச்செய்யுளின் முற்பாதியளவில் நின்று விட்டாராவர். இனிச் செய்யப்படும் வினை மேல்வரும் உடம்பிற்கு ஏதுவாம் என்பதும் அச்செய்யுளிலேயே உடன்கூறப்பட்டது. நுகர்ச்சி முன்னை வினையின் பயன். முயற்சி பின்னை வினையின் வித்து. இவ்விரண்டனையும் வேறறியாது ஒன்றாகக் கொள்வதே மயக்கத்திற்குக் காரணம்.

இதனால் விளங்குவது யாது? ஊதியம் இத்துணைத்து என்பது பேற்றின்பாற்படும். உடல்வருத்தம் இத்துணைத்து என்பதும் நுகர்ச்சியின்பாற்படும். இவை இரண்டும் பிராரத்தத்தைச் சார்ந்தன. அவற்றையே நோக்கித் தொழிலைத் தேர்வோன், முன்னரே அளந்து வைக்கப்பட்டதனை மீள அளக்கின்றான். நம் அறிவு ஆராய்தற்குரியது ஆகாமியமே. இத்தொழிலை ஏற்பின் யான் எத்தகைய வினையை ஈட்டுவேன், எக்கடமையைச் செய்வேன், எதனைக் கைவிடுவேன் என்று நோக்குதலே முறை. தந்தையின் கடனைத் தீர்க்கும் ஆற்றலும் வாயிலும் உளவாகவும் தீர்க்காது விடுதல் பிராரத்தமன்று; அவ்விடுதலே புதிதாக ஈட்டப்படும் ஆகாமியமாம்.

இனி, இருவினையொப்பு என்பது நல்வினை தீவினை இரண்டன் பயனிடத்தும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நிற்கும் அறிவின் முதிர்ச்சி. கடமையையும் கடமை தவறுதலையும் ஒப்பக் கருதுதல் அதுவன்று. அரிய பணியின் வருத்தத்தை வெறுத்து எளிய பணியின் ஓய்வை விரும்பிய ஒருவன், அவ்விருப்பு வெறுப்புக்களுக்கே இருவினையொப்பு என்று பெயரிடுவானாயின், சாத்திரம் அவனுக்குப் போர்வையாயிற்றேயன்றி விளக்காயிற்றில்லை.

மூன்று அவத்தைகளால் விளக்குதல்

தொழிலின்மையே சுகமாயின், கேவலாவத்தையே முத்தியாதல் வேண்டும். அவ்வவத்தையில் உயிர்க்குக் கருவியுமில்லை, தொழிலுமில்லை, வருத்தமுமில்லை. ஆணவ இருளில் அசைவற்றுக் கிடந்தது. அதனை இறைவன் அங்ஙனமே கிடக்கவிட்டானல்லன். தநு கரண புவன போகங்களைக் கொடுத்து வினையிற் செலுத்தினான். இது தண்டமன்று, அருளேயாம் என்பது நம் ஆசிரியர்கள் கண்ட உண்மை. ஆகவே, அறிவையும் ஆற்றலையும் தொழிற்படவிடாத எளிமையை நாடுதல், இறைவன் எழுப்பிய துயிலை மீளவும் நாடுதல் போல்வதாம்.

அற்றேல், பெருந்தொழிலும் பேரூதியமுமே சிறந்தனவோ எனின், அற்றன்று. சகலாவத்தையில் உயிர் கருவிகளோடு கூடிப் புலன்வழி ஓடி உழலும். ஊதியம் பெருகப்பெருகத் தேவையையும் பெருக்கிக்கொண்டு, இவ்வாண்டு வீடு, மறுவாண்டு வாகனம், பின்னும் ஒன்று என்று ஓடுவானது நிலை அதனையே ஒக்கும். உழைப்பு மிக்கவன் எல்லாம் தொண்டனாகான். கேவலத்தின் நீங்கியவன் சகலத்தின் அழுந்துதலும் உண்டு.

மூன்றாவதாகிய சுத்தாவத்தையில் உயிர் செயலற்றதன்று. தன் செயலென்பது அற்றது. இறைபணி நிற்றல் என்று பத்தாஞ் சூத்திரத்து வைத்து ஓதப்படுவது இதுவே. ஈண்டு யாம் கூறியது ஒப்புமையே. இல்லறத்தான் ஒருவன் அலுவலகத்திற் பெறும் நிலை சுத்தாவத்தை யென்பது கருத்தன்று. ஆயினும் சோம்பலுக்கும் பேராசைக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டென்பதும், அது தொழிலின் எளிமை அருமைகளான் அன்றித் தொழில் யாருக்காகச் செய்யப்படுகின்றது என்பதனான் அமைவதென்பதும் இவ்வொப்புமையாற் பெறப்படும்.

தொண்டர் வரலாறுகள்

திருத்தொண்டர் வரலாறுகளை நோக்கின் இவ்வுண்மை இனிது புலனாம். திருநீடூர் முனையடுவார் கூலிக்குப் போர்செய்தவர். போரினும் அரியதோர் தொழில் இல்லை. அதற்கேற்பப் பெரும்பொருளும் பெற்றார். அப்பொருளை அடியார்க்கு அமுதளித்தற்கே ஆக்கினார். நாட்டியத்தான்குடிக் கோட்புலியார் சோழர் சேனாபதியாயிருந்து, பெற்ற சிறப்பெல்லாவற்றையும் சிவன்கோயில் திருவமுதிற்கு நெல்லாகக் குவித்தார். இவர்கள் எளிய தொழிலை நாடி ஒதுங்கினாரல்லர். சிறுத்தொண்டரோ வாதாபியை வென்ற படைத்தலைமையினின்றும் அரசனால் விடுவிக்கப்பெற்றுத் திருச்செங்காட்டங்குடியில் அடியார் பணியில் அமர்ந்தார். ஏற்றவரும் அடியார், விட்டவரும் அடியார். ஆகலின் ஏற்றலும் விடுதலும் தாமே அளவையாகாமை காண்க.

மணவூரிலிருந்து எழுதும் யான் நரலோகவீரனை மறத்தல் ஆகாது. மணவிற்கூத்தன் எனவும் காலிங்கராயன் எனவும் வழங்கப்பெற்ற அவன், தொண்டைநாட்டு மணவிற் பகுதியினன். மணவில் இம்மணவூரே என்பர் வரலாற்றாசிரியர். முதற் குலோத்துங்கன், விக்கிரமன் என்னும் சோழ வேந்தர் இருவர்க்கும் தானைத்தலைவனாயிருந்தோன். அப்பெரும்பதவியின் பொருளைக்கொண்டு அவன் தில்லையிலும் திருவதிகையிலும் ஆற்றிய திருப்பணிகள் அங்குள்ள கல்வெட்டு வெண்பாக்களான் அறியப்படும். தில்லை நூற்றுக்கால் மண்டபமும், மூவர் தேவாரத்தைச் செப்பேடுகளில் எழுதுவித்ததும் அவற்றுட் சில. அவன் தன்னூரிலேயே அமைந்து எளிய வாழ்க்கை வாழ்ந்திருப்பின் குற்றமொன்றுமில்லை. ஆயினும் அத்திருப்பணிகளும் இரா.

அண்மைக்காலச் சான்று

திருமடங்களைச் சார்ந்தார்க்கு நன்கறிமுகமான சான்றொன்று உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876-இல் சிவபதமடைந்த பின்னர், உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடங் கேட்டும் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லியும் வாழ்ந்துவந்தார். உண்டிக்கும் உறையுளுக்கும் குறைவில்லை, அன்பிற்கோ எல்லையில்லை. அந்நிலையில் 1880-இல், கும்பகோணம் அரசாங்கக் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெறுபவராய், தமக்குப்பின் அவ்விடத்தில் இவரை அமர்த்த விரும்பினார். மாதம் ஐம்பது ரூபாய் ஊதியம். ஆங்கிலங் கற்கும் மாணாக்கரிடையே, செட்டியாரைப் போன்ற பேராசிரியர் இருந்த இடத்தில், இருபத்தைந்து வயதினர் ஒருவர் நின்று தம் புலமையை நாள்தோறும் நிறுவுதல் எளிதன்று.

மடத்திலேயே இருந்திருப்பின் அதுவும் சிவப்பணியே. தேசிகருக்கும் அவரைப் பிரிய எளிதில் மனமிசையவில்லை. எனினும் விடைகொடுத்தனுப்பினார். அவ்வாண்டிலேயே கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று வினவியதும், அதன் பயனாகச் சீவகசிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறியதும் யாவரும் அறிவர். ஆதீனத்து ஏடுகளும் அப்பதிப்புக்களுக்குத் துணையாயின. மடத்தோடு கொண்ட அன்பு இறுதிவரை நீங்கிற்றில்லை. 1942-இல் அவர் உயிர்நீத்ததும் திருக்கழுக்குன்றத்தில் அவ்வாதீனத்திற்குரிய இல்லத்திலேயாம்.

இதற்கு மறுதலையாகவும் ஒன்று காட்டுவல். யாழ்ப்பாணத்து ஆறுமுகநாவலர் 1848-இல் பாதிரிமார் பாடசாலை யாசிரியப் பணியைத் துறந்தார். ஊதியத்தை விட்டவர் ஓய்வை நாடினாரல்லர். வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவியும், அச்சுக்கூடம் அமைத்தும், முன்னையினும் பன்மடங்கு உழைத்தார். சாமிநாதையர் ஊதியமுள்ள பணியை ஏற்றார். நாவலர் ஊதியமுள்ள பணியை விட்டார். இருவரும் மேற்கொண்டது அரியதனையே.

தடையும் விடையும்

இரவுப் பணியாற் சந்தியாநுட்டானம் தவறுமே எனின், இது புறக்கணிக்கத்தக்க தடையன்று. பொய் கூறியும் பிறரை வஞ்சித்தும் பெறவேண்டிய ஊதியமாயின், அஃது எத்துணைப் பெரிதாயினும் கொள்ளற்க. காலம் மாறுபடுதல் மட்டுமேயாயின், தீட்சாகுருவின்பால் விண்ணப்பித்து அவர் பணித்தவாறு ஒழுகுக. தானே விதிவிலக்கு வகுத்துக்கொள்ளுதல் ஆகாது.

உடல்வலியில்லார், முதுமையுற்றார், நோயுற்ற பெற்றோரை அருகிருந்து பேணவேண்டியவர் ஆகியோர் எளிய பணியைக் கொள்ளுதலே அறம். அவர்க்கு அவ்வெளிமையே கடமைக்கு வாயிலாகலின், அது துயிலாகாது.

ஓய்வு கிடைப்பின் சாத்திரம் பயிலலாமே எனின், பயிலுவார்க்கு ஆம். இதனிடத்து என் குற்றமொன்றை மறையாது கூறுதல் கடன். இளமையில் எனக்கும் இவ்வாறே இரு பணிகள் வாய்த்தன. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் படியெடுக்கும் பணி ஒன்று. வருத்தம் மிக்கது, ஊதியமும் மிக்கது. ஊர்ப்பள்ளி ஆசிரியப் பணி மற்றொன்று. மாலைதோறும் ஓய்விருக்கும், சித்தியார் சுபக்கத்திற்கு விளக்கமெழுதி முடிக்கலாம் என்று சொல்லிப் பள்ளியையே கொண்டேன். முப்பது ஆண்டிற்கு மேற்பட்ட மாலைகள் கழிந்தன. திண்ணைப் பேச்சு வளர்ந்தது. விளக்கம் முதற் சூத்திரத்தைக் கடக்கவில்லை. பள்ளிப்பணி தாழ்ந்ததன்று, அதனை யான் கொண்ட நோக்கமே தாழ்ந்தது. பூசைக்கும் படிப்புக்கும் என்று சொல்லி வாங்கிய ஓய்வு, வாங்கியவனிடத்தே கணக்குக் கேட்கும்.

துணிபு

ஆதலின், இருவகைத் தொழிலும் எதிர்ப்பட்டபோது மூன்று வினாக்களைத் தன்னுள்ளே கேட்டுக்கொள்க. யான் செலுத்தவேண்டிய கடனும் கடமையும் எத்தொழிலால் நிறைவேறும்? என் அறிவாற்றல்களுள் எதனை எத்தொழில் உறங்கவிடாது? மிகுவது பொருளாயினும் ஓய்வாயினும், அம்மிகுதியை யாருக்கு உரியதாக்கப் போகின்றேன்? மூன்றாவதற்கு விடை சிவனும் அடியாரும் என்று உண்மையாகவே வருமாயின், எதனைக் கொள்ளினும் அது சிவபுண்ணியத்திற்கு ஏதுவாம். எனக்கே என்று வருமாயின், எளியதும் பாசம், அரியதும் பாசம்.

இவற்றை அம்மாணாக்கரிடம் கூறி, முடிவை அவர்பாலே விட்டேன். சின்னாள் சென்றபின் வந்து, "கடன் தீருமளவும் அம்பத்தூர்ப் பணியை ஏற்கின்றேன், ஐயா, அதன்பின் மீளவும் ஆராய்வேன்" என்றார். தீட்சாகுருவினிடத்தும் விண்ணப்பித்துக்கொண்டார். இப்போது ஞாயிறுதோறும் பாடத்திற்கு வருகின்றார். சென்ற கிழமை இரவுப் பணி முடித்து நேரே வந்தவர், இரண்டாஞ் சூத்திரம் நடந்துகொண்டிருக்கையிலே சிறிது கண்ணயர்ந்தார். யான் எழுப்பிலேன். அவர் விழித்த பின்னர் அச்செய்யுளையே மீளத் தொடங்கினோம்.

திருச்சிற்றம்பலம்