விர்ச்சுவல் மெஷின்: ஹார்ட்வேர் அமைப்பை மாற்றும் முன்...

புதிய கம்ப்யூட்டர் வாங்கிய பிறகும், பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஏதேனும் ஒரு புரோகிராமை விட முடியாமல் பலர் தவிக்கிறார்கள். யூனிகோட் வருவதற்கு முன் அமைத்த தமிழ்க் கடிதங்கள், பத்து ஆண்டுக் கடைக் கணக்கு என ஆளுக்கு ஒன்று இருக்கும். அது விண்டோஸ் எக்ஸ்பியில்தான் இயங்கும் என்றால் விர்ச்சுவல் மெஷின் கை கொடுக்கும். இதற்கென ஆரக்கிள் நிறுவனம் விர்ச்சுவல் பாக்ஸ் என்ற புரோகிராமைத் தருகிறது. உங்கள் கம்ப்யூட்டருக்குள் சாப்ட்வேராலேயே இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கி, அதில் எக்ஸ்பியை இயக்கலாம்.

அந்த உள் கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குகிறதா? ராம் மெமரியைக் கூட்டலாம். ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை, மவுஸ் போதும். விர்ச்சுவல் பாக்ஸில் உங்கள் மெஷினைத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸ் கிளிக் செய்து, சிஸ்டம் பிரிவிற்குச் செல்லவும்.

அங்கே பேஸ் மெமரி மங்கலாகத் தெரிந்து, மாற்ற முடியவில்லையா? மெஷின் இன்னும் இயங்குகிறது அல்லது சேவ்டு நிலையில் தூங்குகிறது என்று பொருள். விண்டோவை மூடும்போது "சேவ் த மெஷின் ஸ்டேட்" என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அப்போது மெமரியில் இருந்தது அனைத்தும் அப்படியே ஒரு பைலாகப் பதிவாகிறது. மீண்டும் எழும்போது அதே அளவு மெமரி, அதே ஹார்ட்வேர் இருந்தால்தான் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். அதனால்தான் இந்தப் பூட்டு.

இந்த இடத்தில்தான் கவனம் தேவை. பூட்டைத் திறக்கும் அவசரத்தில் "டிஸ்கார்ட்" பட்டனை அழுத்திவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் ப்ளக்கைப் பிடுங்குவதற்குச் சமம் அது. திறந்திருந்த பைலில் நீங்கள் சேவ் செய்யாதது எல்லாம் போய்விடும். கணக்கு புரோகிராம் பாதியில் எழுதிக்கொண்டிருந்தால் அதன் டேட்டா பைலே கெடலாம். மெஷினை வழக்கம்போல் ஸ்டார்ட் செய்து, பைல்களை சேவ் செய்து மூடி, எக்ஸ்பியின் ஸ்டார்ட் மெனு வழியாக முறையாக ஷட் டவுன் செய்திடவும். "பவர்டு ஆஃப்" என்று காட்டிய பிறகு செட்டிங்ஸ் திறந்தால் எல்லாம் மாற்றத் தயாராக இருக்கும். அதற்கு முன், மெஷின் பெயரில் ரைட் கிளிக் செய்து, குளோன் மூலம் முழு நகல் ஒன்று எடுத்து வைப்பது நல்லது. டிஸ்க்கில் இடம் பிடிக்கும்தான்; பரவாயில்லை.

எவ்வளவு மெமரி கொடுக்கலாம்? கொடுப்பது உங்கள் உண்மையான ராமிலிருந்து போகிறது. 8 ஜிபி உள்ள கம்ப்யூட்டரில் 7 ஜிபியைக் கொடுத்தால் இரண்டுமே தடுமாறும். ஸ்லைடரின் பச்சைப் பகுதியைத் தாண்ட வேண்டாம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் பரிந்துரைத்ததே 128 எம்பிதான். 1 ஜிபி தாராளம். ப்ராசசர் ஒன்று போதும்.

ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்றால், இருக்கும் டிஸ்க்கைப் பெரிதாக்குவது சுற்றுவழி. டிஸ்க் வளரும், எக்ஸ்பியின் சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்கும். எக்ஸ்பி தன் சி டிரைவைத் தானே நீட்டிக்கொள்ளாது. ஸ்டோரேஜ் பிரிவில் இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்து, எக்ஸ்பியின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியில் பார்மட் செய்வதே எளிது. அதே பிரிவில் ஐடிஇ கண்ட்ரோலர் என்று இருப்பதை, வேகம் கிடைக்கும் என்று எண்ணி சாட்டா ஆக்கிவிட வேண்டாம். எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் இல்லை; பூட் ஆகும்போது நீலத் திரைதான் கிடைக்கும்.

தேடும் அமைப்பு எதுவும் கண்ணில் படவில்லையா? 7.1 பதிப்பு முதல் பேசிக், எக்ஸ்பர்ட் என இரு நிலைகள் உள்ளன. எக்ஸ்பர்ட் நிலைக்கு மாறிப் பார்க்கவும்.

இன்னும் ஒன்று. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திவிட்டது. கடிதமும் கணக்கும் பார்க்க இன்டர்நெட் எதற்கு? நெட்வொர்க் பிரிவில் "கேபிள் கனெக்டட்" என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கிளிக் செய்திடவும். இதை மட்டும் மெஷின் இயங்கும்போதும் மாற்றலாம்.