காடும் கண்மாயும்

காடு குறைவதற்குக் காரணங்கள் பல. உழவுக்கும் மனைக்கும் நிலந்திருத்துதல், அளவின்றி விறகு வெட்டுதல், ஆடுமாடுகளை மிகுதியாக மேயவிடுதல் ஆகியவற்றை அங்கத்தினர் யாவரும் அறிவர். இயற்கைக் காட்டை நீக்கி ஒரே வகை மரத்தைப் பயிரிடுதலும் காடழிவேயாகும்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1974-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தைலமரத்தை மிகுதியாக வளர்த்து வந்துள்ளது. வெட்டிய மரம் பெரும்பாலும் கூழுக்காகக் காகித ஆலைகளுக்குச் செல்கிறது, எஞ்சியது விறகாகிறது. அடிக்கட்டை மீண்டும் தழைப்பதால் வருவாய் தொடர்கிறது. ஆயினும், தோட்டங்களில் எழுப்பிய வரப்புகள் மழைநீரை மறிப்பதால் கண்மாய்கள் நிரம்புவதில்லை என்பது உழவர்களின் முறையீடு.

காகிதமும் விறகும் தறிக்குரிய மரமும் நமக்கு வேண்டுவனவே. ஆனால், மரத்தின் விலையைக் கணக்கிடுகையில் நீரின் விலையையும் சேர்த்தல் வேண்டும். வேம்பும் புங்கும் நம் புன்செய் வரப்புகளில் வளர்ப்போம். கண்மாயின் வரத்து வாய்க்காலைக் காப்போம்.