படிகளும் வாயில்களும்

நுழையும்முன்

மேல்நிலை வகுப்பில் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு மாணவரையும் 'அடுத்து என்ன?' என்னும் கேள்வி எதிர்கொள்கிறது. மதிப்பெண்ணும் நண்பர் சேரும் பாடப்பிரிவும் உறவினர் சொல்லும் அறிவுரையும் அக்கேள்விக்கு விடைகளாக முந்திக்கொண்டு வருகின்றன. உரிய விடையைத் தேடத் தன்னையும் தன் ஊரையும் சற்று நின்று பார்க்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சியையும், அதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் அறிவியலாளரின் கல்விப் பயணத்தையும் முன்வைத்து இப்பாடம் அதனை எடுத்துரைக்கிறது.

கோட்டை என்னும் ஊர்

செஞ்சி என்றதும் நினைவுக்கு வருவது கோட்டையே. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்து எழுப்பப்பட்ட கோட்டை அது. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைக்கு அது மாறியது. 1677 இல் சிவாஜி அதனைக் கைப்பற்றினார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்த மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டு. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. மகாராஷ்டிரத்திற்கு வெளியே உள்ள ஒரே கோட்டை செஞ்சி.

இக்கோட்டையைக் காணச் செல்லும் மாணவர்கள் பெரும்பாலும் மன்னர் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் குறித்துக்கொண்டு திரும்புகின்றனர். கோட்டையை எழுப்பியவர்களையும் அதனை இயங்கச் செய்தவர்களையும் எண்ணிப் பார்ப்போர் குறைவு. குன்றின் பாறையை உடைத்தவர் கல்தச்சர். மதிலை எழுப்பியவர் கொத்தர். மழைநீரைத் தேக்கக் குளம் அமைத்தவர் நீரோட்டத்தின் இயல்பறிந்தவர். நெற்களஞ்சியத்தைக் கட்டியவர், தானியம் ஈரமும் பூச்சியும் படாமல் இருக்கும் வகை தெரிந்தவர். களஞ்சியத்தில் புகுந்த நெல்லுக்கும் வெளியேறிய நெல்லுக்கும் கணக்கு வைத்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். குதிரைக்கும் யானைக்கும் மருத்துவம் பார்த்தவரும் இருந்திருக்க வேண்டும். போர்வீரர் மட்டும் இருந்தால் ஒரு கோட்டை ஒரு திங்களும் நிலைத்திருக்காது. ஒருவர் மற்றொருவரின் வேலையைச் செய்ய இயலாது என்பதாலேயே ஒவ்வொருவரும் அங்குத் தேவைப்பட்டனர்.

கண்ணில் படாத தொழில்கள்

இன்றும் கோட்டை பலருடைய உழைப்பால் நிற்கிறது. அதனைப் பேணிவரும் இந்தியத் தொல்லியல் துறையில் வரலாறு பயின்றோர் மட்டும் பணிபுரிவதில்லை. பழைய மதிலில் விரிசல் கண்டால் அதன் காரணத்தை ஆராயக் கட்டடப் பொறியாளர் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரே சிதையக்கூடும். இதனை விளக்க வேதியியல் கற்றவர் வேண்டும். பழைய முறையில் சாந்து குழைக்கக் கைத்தேர்ச்சி பெற்ற கொத்தர் வேண்டும். நிலத்தை அளப்பவர், வரைபடம் தீட்டுபவர், ஒளிப்படம் எடுப்பவர், வருவோர்க்கு அவரவர் மொழியில் எடுத்துரைக்கும் வழிகாட்டி என அப்பட்டியல் நீளும்.

செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய பழந்தமிழ்க் கல்வெட்டும் அங்கு உள்ளது. பள்ளி மாணவர்க்குக் கீறல்களாகத் தோன்றும் அவ்வெழுத்துகளைக் கல்வெட்டறிஞர் படித்துப் பொருள் கூறுகிறார். தமிழ், வரலாறு முதலிய பாடங்களில் முதுகலை பயின்றோர்க்குத் தமிழ்நாடு தொல்லியல் துறை ஈராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. சிற்பத்தில் நாட்டமுள்ளோர்க்கு மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி உண்டு. 'தமிழ் படித்தால் ஆசிரியர் ஆகலாம், வேறென்ன ஆகலாம்?' என்று கேட்போர், இவ்வழிகளை அறியாமலே கேட்கின்றனர்.

மருத்துவர், பொறியாளர், ஆசிரியர், காவலர் ஆகியோரை நாள்தோறும் பார்க்கிறோம்; ஆகவே அத்தொழில்கள் மனத்தில் பதிகின்றன. கண்ணில் படாத தொழிலை எவரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. எனவே, தொழில் தேர்வின் முதற்படி தேர்ந்தெடுப்பதன்று. தேடிப் பார்ப்பதே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

செஞ்சி – விழுப்புரம் சாலையை ஒட்டிய மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் அமைத்த குடைவரைக் கோயில் உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி இக்கோயில் அமைக்கப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டு குறிப்பிடுகிறது. பழகிய பொருள்களை விலக்கிப் புதிய வழியொன்றைத் தமிழகத்தில் முயன்ற முன்னோடிப் பணி அது.

தன்னை அறிதல்

தேடிப் பார்த்தபின் எழுவது, 'எனக்கு எது பொருந்தும்?' என்னும் கேள்வி. இதற்கு மூன்று அளவுகோல்கள் உண்டு. விருப்பம் ஒன்று, திறன் மற்றொன்று, சூழல் மூன்றாவது. விருப்பம் மட்டும் இருந்து பயிற்சி இல்லையேல் அது பகற்கனவாகும். திறன் இருந்தும் விருப்பம் இல்லையேல் வேலை சுமையாகும். இவ்விரண்டும் இருந்தும் குடும்பத்தின் பொருள்நிலையை எண்ணாமல் திட்டமிட்டால் பாதி வழியில் நிற்க நேரும்.

விருப்பம் எது என்பதை எண்ணிக்கொண்டே இருந்து அறிய இயலாது. செய்து பார்த்தே அறிய வேண்டும். கணக்கியலில் நாட்டம் உண்டு என எண்ணும் மாணவர், குடும்பத்தின் ஒரு போகச் சாகுபடிச் செலவையும் நெல் விற்ற வரவையும் முறையாக எழுதிப் பார்க்கலாம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குச் சென்று விலை எவ்வாறு அமைகிறது எனக் கேட்டறியலாம். மின்கருவிகளில் ஆர்வமுள்ளவர், விடுமுறையில் பழுதுநீக்குவோர் ஒருவரிடம் உடனிருந்து பார்க்கலாம். இதழியலில் விருப்பமுள்ளவர், ஊரில் நடந்த ஒரு நிகழ்வை இருநூறு சொற்களில் எழுதி ஆசிரியரிடம் காட்டலாம். இரண்டு வாரம் ஒரு வேலையைச் செய்தபின்னும் மனம் அதனை நாடுமாயின், அந்நாட்டம் உண்மையானது எனக் கொள்ளலாம். சலிப்புத் தோன்றினால் அதுவும் இழப்பன்று. பல ஆண்டுகள் கழித்துத் தெரியவேண்டிய ஒன்று முன்னரே தெரிந்துவிட்டது.

பெற்றோர் சொல்லும் வழியும் மாணவர் விரும்பும் வழியும் வேறுபடுவதுண்டு. நிலையான வருவாய் வேண்டும் எனப் பெற்றோர் வலியுறுத்துவது, அவர்கள் வருவாயின்றிப் பட்ட துன்பத்தால் எழுந்த அக்கறையாகும். அதனைப் புறந்தள்ளுதல் தகாது. தான் விரும்பும் படிப்பு எது, அதன் காலம் எவ்வளவு, செலவு எவ்வளவு, முடித்தபின் கிடைக்கும் வேலைகள் யாவை என்பவற்றை ஒரு தாளில் எழுதி அவர்களிடம் பேசும் மாணவரின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டாகும்.

விழுப்புரத்திலிருந்து நிலவு வரை

2023 ஆகஸ்ட் 23 ஆம் நாள் மாலை, சந்திரயான் – 3 இன் தரையிறங்கு கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் மெல்ல இறங்கியது. நிலவில் கலத்தை மெதுவாகத் தரையிறக்கிய நான்காவது நாடு என்னும் பெருமையை இந்தியா அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையார் தென்னக இரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர்.

விழுப்புரம் இரயில்வே பள்ளியில் பத்தாம் வகுப்பை முடித்தபோது, அடுத்து என்ன படிப்பது என்பது பற்றித் தெளிவான எண்ணம் தமக்கு இருக்கவில்லை என்று அவரே கூறியுள்ளார். நண்பர்கள் சேர்ந்ததால் தாமும் இயந்திரவியல் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். அங்குப் பயிலும்போதுதான் அத்துறையில் அவருக்கு ஆர்வம் பிறந்தது. பின்னர்ச் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் பட்டமும், திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றிலும், பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் எலிகாப்டர் பிரிவிலும் பணியாற்றியபின் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். பணியில் இருந்தவாறே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வையும் மேற்கொண்டார்.

இப்பயணத்தில் மாணவர் கருதத்தக்க செய்திகள் இரண்டு. ஒன்று, தொடக்கத்தில் தெளிவின்மை இருந்தது, அது குற்றமாகவில்லை. நண்பரைப் பின்பற்றிச் சேர்ந்த இடத்திலும், கற்பதைக் கவனமாகக் கற்றமையால் தமக்குரிய துறையைக் கண்டுகொண்டார். நண்பரைப் பின்பற்றுவோர் அனைவருக்கும் அவ்வாறு வாய்க்கும் எனக் கொள்ளலாகாது. சேர்ந்தபின் அவர் செய்ததே அவரை உயர்த்தியது. மற்றொன்று, மேனிலைக் கல்வி வழியாக மட்டுமே பொறியியலுக்குச் செல்ல இயலும் என்பதில்லை. பட்டயம் முடித்தோர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழியுண்டு. ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயில் எங்குள்ளது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

தவறும் திருத்தமும்

சந்திரயான் – 3 இன் வெற்றிக்குப் பின்னால் ஒரு தோல்வி உள்ளது. 2019 செப்டம்பர் 7 ஆம் நாள் அதிகாலையில், சந்திரயான் – 2 இன் தரையிறங்கு கலம் நிலவின் தரையை நெருங்கும் வேளையில் கட்டுப்பாட்டை இழந்தது. அறிவியலாளர்கள் அத்தோல்வியை மறைக்கவில்லை. எங்கே பிழை நேர்ந்தது என்பதைப் படிப்படியாக ஆராய்ந்தனர். கலத்தின் கால்களை உறுதியாக்கினர், எரிபொருளைக் கூட்டினர், இறங்குதற்குரிய பரப்பை விரிவாக்கினர், மென்பொருளைத் திருத்தினர். எவையெவை தவறக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணி, அவ்வாறு தவறினாலும் கலம் இறங்கும்படி வடிவமைத்தனர். ஏறத்தாழ நான்கு ஆண்டு உழைப்பின் பயனை நாடு கண்டது.

தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவரும் இம்முறையையே கையாளலாம். 'எனக்குப் படிப்பு வராது' என்பது முடிவுரை. அது எதனையும் திருத்தாது. 'எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில், எதனால் குறைந்தது?' என்பது ஆய்வு. அதுவே திருத்தத்திற்கு வழிவகுக்கும். விரும்பிய படிப்பு கிடைக்கவில்லையெனில், அதற்கு அண்மையில் உள்ள படிப்பு எது என எண்ணுதல் வேண்டும். மருத்துவராக இயலாதவர்க்குச் செவிலியம், மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம், இயன்முறை மருத்துவம் ஆகிய துறைகள் உள்ளன. அவை இரண்டாந்தரப் பணிகள் அல்ல. மருத்துவமனை இயங்குவதற்கு அவை ஒவ்வொன்றும் இன்றியமையாதவை.

துணை நிற்கும் திட்டங்கள்

பொருள்வசதி இல்லையே என்னும் கவலையால் பலர் தம் கல்வியைப் பள்ளியோடு நிறுத்திக்கொள்கின்றனர். பெண்பிள்ளைகள் இவ்வகையில் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். இந்நிலையை மாற்றும் திட்டங்களை அறிந்திருத்தல் ஒவ்வொரு மாணவரின் கடமையாகும். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டத்தின்வழி மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. 2022 இல் தொடங்கிய இத்திட்டத்தைப் போன்றே, மாணவர்க்கெனத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 இல் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் உள்ளது. 'நான் முதல்வன்' திட்டம் உயர்கல்விக்கும் திறன் பயிற்சிக்கும் வழிகாட்டுகிறது.

இவற்றைப் பெறுவதற்கு உரிய சான்றிதழ்கள் தேவை. விண்ணப்பிக்கும் கடைசி நாளில் அலுவலகத்திற்கு ஓடுவதைத் தவிர்த்து, பதினோராம் வகுப்பிலேயே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஆதார் ஆகியவற்றில் பெயரும் பிறந்த நாளும் ஒன்றுபோல் உள்ளனவா எனச் சரிபார்த்தல் நன்று. ஓர் எழுத்துப் பிழையும் ஒருவரின் சேர்க்கையைத் தாமதப்படுத்தக்கூடும்.

படியேறுதல்

இராஜகிரியின் உச்சியை ஒரே மூச்சில் எவரும் எட்டுவதில்லை. படிகள் உண்டு, அடுத்தடுத்து வாயில்கள் உண்டு, உச்சிக்கு அருகில் ஆழமான பாறைப்பிளவும் அதனைக் கடக்கப் பாலமும் உண்டு. கீழிருந்து பார்ப்போர்க்கு அப்பாலம் தெரியாது. ஏறிச் சென்றவர்க்கே அது புலப்படும். கல்வியின் வழியும் இத்தகையதே. பதினாறு வயதில் வாழ்வின் முழு வழியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. அடுத்த படி எது என்பது தெரிந்தால் போதும். அதில் காலை உறுதியாக ஊன்றினால் போதும்.

உயர்ந்தபின் வந்த வழியை மறவாமையும் வளர்ச்சியின் ஒரு கூறே. சந்திரயான் – 3 வெற்றிக்காகத் தமிழ்நாடு அரசு வழங்கிய 25 இலட்சம் ரூபாயை, வீரமுத்துவேல் தாம் பயின்ற கல்வி நிறுவனங்களுக்கே பகிர்ந்தளித்தார். தாம் ஏறிவந்த படிகளைப் பின்வருவோர்க்காகச் செப்பனிட்ட செயல் அது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பழமையான கோயில், ஏரி அல்லது கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனைப் பேணத் தேவைப்படும் தொழில்களைப் பட்டியலிடுக.
2. உங்களுக்கு அறிமுகமான ஒருவரைச் சந்தித்து, அவர் தம் தொழிலுக்கு வந்த வழியைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

குறுவினா

1. செஞ்சிக் கோட்டையைப் பேண வேதியியல் கற்றவர் தேவைப்படுவது ஏன்?
2. தொழில் தேர்வுக்குரிய மூன்று அளவுகோல்கள் யாவை?

நெடுவினா

'தொடக்கத்தில் தெளிவின்மை இருப்பது குற்றமன்று' என்னும் கருத்தை வீரமுத்துவேலின் கல்விப் பயணத்தைக் கொண்டு ஆராய்ந்து, அதன் எல்லைகளையும் விளக்குக.