நுவரெலியாவின் வசந்தகாலம்: ஒரு நோக்கு

இலங்கை மத்திய கோட்டுக்கு அண்மையில் உள்ள நாடு. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்ற நான்கு பருவங்கள் இங்கு இல்லை என்று ஆறாம் வகுப்புப் புவியியலிலேயே படித்துவிடுகிறோம். அப்படியிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் பிறந்ததும் "நுவரெலியா வசந்தகாலம் ஆரம்பம்" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இல்லாத பருவத்துக்கு விழா எதற்கு? ஓர் ஊரின் விழாவைப் பற்றி ஒப்படை எழுதுமாறு எமது தமிழ் ஆசிரியை பணித்தபோது இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டேன். எனது மாமி, அதாவது வாப்பாவின் சகோதரி, நுவரெலியாவில் இருப்பது வசதியாகப் போயிற்று.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். ஏப்ரல் 5ஆம் திகதியளவில் இருந்து 15ஆம் திகதியளவு வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. கொழும்பில் மின்விசிறியின் கீழும் வியர்க்கும் காலம் அது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். மே இறுதியில் தென்மேல் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்துவிடும். உறைபனிக்கும் பெருமழைக்கும் இடையில் கிடைக்கும் இந்த இடைவெளியைத்தான் நாம் வசந்தம் என்கிறோம். மாலையில் இடி மழை பெய்தாலும் காலைப்பொழுது தெளிவாக இருக்கும்.

தமிழுக்கு இந்தப் பருவம் புதிதல்ல. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பகுத்த நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். சிலப்பதிகாரத்தில் புகார் நகரம் இந்திர விழாக் கொண்டாடுவதும் சித்திரையில்தான். அரபு மொழியிலும் 'ரபீஉ' என்றால் வசந்தம். நபி (ஸல்) அவர்கள் பிறந்த மாதத்தின் பெயரான ரபீஉல் அவ்வலில் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுவதால் வருடத்துக்குப் பதினொரு நாட்கள் வரை முன்னே நகர்கிறது. ஆகவே பெயரில் வசந்தம் உள்ள மாதம் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2023ஆம் ஆண்டு ஏப்ரலின் பெரும்பகுதி ரமழானாக இருந்தது. நோன்பு நோற்றுக்கொண்டே சீசன் வியாபாரம் பார்த்ததாக மாமி சொன்னார்.

இனி விழாவின் வரலாறு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் பிற்பகுதியில் பிரித்தானியப் படையினர் உடல்நலம் தேற்றிக்கொள்ளும் இடமாக நுவரெலியாவை அமைத்தார். பின்னர் காய்ச்சலில் மெலிந்து இங்கு வந்து தேறிய சாமுவேல் பேக்கர், 1848இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளையும் கால்நடைகளையும் விதைகளையும் கொண்டுவந்து பண்ணை அமைத்தார். இன்று நாம் 'நுவரெலியா மரக்கறி' என்று வாங்கும் கரட், லீக்ஸ், கோவா எல்லாம் அப்படி இந்த மண்ணில் வேரூன்றிய சீமைப் பயிர்களே. 1870களில் ஆளுநர் வில்லியம் கிரகறியின் காலத்தில் நீரோடைக்கு அணை கட்டி ஏரி உருவாக்கப்பட்டது. 1875இல் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியதும் கொழும்புத் துரைமாரும் அவர்களின் குடும்பத்தினரும் வெப்பம் தாங்காமல் மலையேறுவது எளிதாயிற்று. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டி நகரப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சுருங்கச் சொன்னால், ஊர் நினைவில் ஏங்கியவர்கள் தமது ஊரின் வசந்தத்தை இங்கே செய்து வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் தொடங்கி வைத்தது நிற்கவில்லை. ஏப்ரல் முதலாம் திகதி பாடசாலை மாணவரின் பாண்ட் வாத்திய அணிவகுப்புடன் கொண்டாட்டம் தொடங்குகிறது. ஏரியில் படகோட்டம், ஆளுநர் கிண்ணக் குதிரை ஓட்டம், மஹகஸ்தோட்டையில் 1934 முதல் நடக்கும் மலையேற்றக் கார்ப் போட்டி, இசை நிகழ்ச்சிகள், மாத இறுதியில் மலர்க் கண்காட்சி என்று தொடர்கிறது. நடுவில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டும் வருவதால் ஊரே நிரம்பி வழிகிறது.

குதிரை ஓட்டத்தன்று திடலுக்குள் போகலாமா என்று வாப்பாவிடம் கேட்டேன். "ஓடுற குதிரையில பிழையில்ல மகள், அதுல கட்டுற காசுதான் நமக்கு ஹராம்" என்று சொல்லி, வீதியோரத்தில் நிறுத்திக் காட்டினார். விதவிதமான தொப்பிகள் அணிந்த பெண்களையும் வேலிக்கு அப்பால் ஒரு கணம் மின்னி மறைந்த குதிரைகளையும் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், குதிரைகளைவிடத் தொப்பிகளே நன்றாகத் தெரிந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது விக்டோரியா பூங்கா. அங்கே பாத்திகளில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் இத்தனை பூக்களும் எப்படி ஒரே மாதத்தில் பூக்கின்றன என்று கேட்டேன். "தானாப் பூக்குமா தங்கச்சி? மாசக் கணக்கா முன்னுக்கே நாத்துப் போட்டு, ஏப்ரலுக்குப் பூக்கிற மாதிரிக் கணக்குப் பார்த்துத்தான் நடுறோம்" என்றார். அவர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா இன்னும் கொளுந்து பறிக்கிறாராம். ஏப்ரல் மழையில் கொளுந்து நிறைய வரும் என்பதால் மலைக்கும் அது ஓயாத மாதம். மலர்க் கண்காட்சியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "பார்க்காம? முதல் நாளு விடிய நாலு மணிக்கே நாங்கதானே பார்க்கிறது" என்று சிரித்தார்.

இதுவரை நான் எழுதியிருந்த குறிப்புகளில் "இது வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற ஆடம்பரம், உள்ளூர் மக்களுக்கு இதில் பங்கில்லை" என்று ஒரு வசனம் இருந்தது. அதை மாமியிடம் வாசித்துக் காட்டினேன். மாமா சிறிய சுவெட்டர் கடை ஒன்று நடத்துகிறார். மாமி கணக்குப் பார்ப்பார். அவர் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பாக்கப் போற நேரம் எங்களுக்கில்லதான் மகள். ஆனா இந்த ஒரு மாசம் ஓடினாத்தான் மத்தப் பதினொரு மாசம் நடக்கேலும்."

பின்னர் அந்தக் கணக்கை எனக்கு விளக்கினார். மார்ச் மாதத்திலேயே கொழும்பு மொத்த வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கவேண்டும். ஏப்ரல் முடிவில் கடனைத் திருப்பவேண்டும். வெப்பமான ஊர்களிலிருந்து வருவோர் குளிர் இவ்வளவு இருக்குமென்று எண்ணாமல் வந்து, முதல் மாலையிலேயே பிள்ளைகளுக்குச் சுவெட்டர் தேடுவார்கள். இவர்களது வியாபாரம் அந்த நடுக்கத்தில்தான் நடக்கிறது. அறை வாடகைக்கு விடுபவர், குதிரைச் சவாரிக்குப் பிள்ளைகளை ஏற்றுபவர், சோளம் அவிப்பவர், வேன் ஓட்டுபவர் எல்லோருக்கும் இதே கணக்குத்தான்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபோது சீசன் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. வந்தவர்கள் போய்விட்டார்கள். ஊரடங்கு நீங்கிக் கடை திறந்த பின்னரும், பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுப் பலர் உள்ளே வரவில்லை. மாமா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்ததை நான் சிறுபிள்ளையாகப் பார்த்திருக்கிறேன். அப்போது பக்கத்துக் கடைச் சிங்கள ஐயா ஒரு கட்டுச் சுவெட்டர்களைக் கேட்டு வாங்கித் தனது கடையில் தொங்கவிட்டு விற்று, ஒவ்வொரு மாலையும் காசைக் கொண்டுவந்து தந்தாராம். இதைச் சொல்லும்போது மட்டும் மாமி கொப்பியை மூடி வைத்தார். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு. 2022இல் எரிபொருள் வரிசை. பூங்காவில் பூக்கள் அந்த ஆண்டுகளிலும் பூத்திருக்கும்.

எனது குறிப்பிலிருந்த அந்த வசனத்தை வெட்டிவிட்டேன். விழாவைத் தொடங்கியவர்கள் வேறு, அதைக் கொண்டு வாழ்பவர்கள் வேறு என்பதை நூல்களை மட்டும் வாசித்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். வாகன நெரிசல், ஏரிக்கரையில் குவியும் பொலித்தீன், நள்ளிரவு வரை ஒலிபெருக்கிச் சத்தம் ஆகியவற்றைப் பற்றி ஊரவர்களுக்கு முறைப்பாடு இல்லாமலில்லை. எனக்கும் உண்டு. சுபஹுக்கு எழும்பவேண்டியவர்களை இரண்டு மணிவரை விழித்திருக்க வைக்கும் இசை எந்தப் பருவத்துக்கும் தேவையில்லை.

நாங்கள் திரும்பும் முதல் நாள் இரவு, விற்காத சுவெட்டர்களைப் பூச்சி உருண்டை போட்டுப் பைகளில் கட்டினோம். மாமி கடன் கொப்பியை எடுத்தார். அதில் மூன்று பெயர்கள் இருந்தன. இரண்டை வெட்டிவிட்டு, மூன்றாவதன் பக்கத்தில் 'டிசம்பர்' என்று எழுதினார்.