வளைவு எத்தனை இருந்தால் என்ன?

கேள்வி: சறுக்கி வரும் பொருளின் வேகத்தை ஆற்றல் அழியாமை விதியால் இரண்டே வரியில் போட்டுவிடுகிறான், எஸ்பிஎம் எழுதப்போகும் என் மகன். இது குறுக்குவழிதானே?
– வாசகர், கம்போங் மேடான்

பதில்: இல்லை, இந்தக் கணக்குக்கு அதுதான் நேர்வழி. உங்களுக்குப் பக்கத்தில் உள்ள சன்வே லகூனின் நீர்ச்சறுக்கையே எடுத்துக்கொள்வோம். வளைவுக்கு வளைவு சரிவு மாறுகிறது. அதோடு முடுக்கமும் மாறுகிறது. நியூட்டன் விதியோடு இறங்கினால் அடிக்கு அடி தனிக்கணக்கு போட வேண்டும். ஆற்றல் விதிக்குத் தொடக்கமும் முடிவும் போதும். ஓய்விலிருந்து 5 மீட்டர் இறங்கினால், இழந்த நிலையாற்றல் இயக்க ஆற்றலாகிறது. நிறை இரு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப்போகும். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 9.9 மீட்டர். குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் இதே விடைதான்.

'உராய்வு இருக்கிறதே' என்பீர்கள். இருக்கட்டும். 50 கிலோ பையன் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில்தான் வந்து சேர்ந்தான் என்று வைத்துக்கொள்வோம். மேலே அவனிடம் இருந்தது சுமார் 2,450 ஜூல். கீழே மிஞ்சியது 1,600. துண்டு விழுந்த 850 ஜூல் பெரும்பாலும் வெப்பமாகச் சறுக்கிலும் நீரிலும் சேர்ந்துவிட்டது. விதி பொய்க்கவில்லை, உராய்வு செய்த வேலையை அளந்து கொடுத்திருக்கிறது. ஆனால், இறங்க எத்தனை விநாடி ஆகும், எந்தத் திசையில் பாய்வான் என்று கேட்டால் இந்த விதி வாய் திறக்காது. அங்கே விசையைத்தான் நாட வேண்டும். ஆகவே, உயரமும் வேகமும் மட்டும் வரும் கேள்வியில் மகனின் இரண்டு வரி போதும். நேரம் வந்தால் நியூட்டனிடம் போகச் சொல்லுங்கள்.