கரையைக் காக்கும் காசு

சென்னையிலிருந்து ஹவுரா மெயில் ஏறினால் மறுநாள் ஹவுராவில் இறங்கலாம். ஹவுரா மேற்கு வங்காளத்தில் உள்ள ஒரு மாவட்டம். ஹூக்ளி ஆற்றின் இக்கரையில் ஹவுரா. அக்கரையில் கொல்கத்தா.

ஹவுரா என்றால் பெரிய பாலமும் ரயில் நிலையமும் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மாவட்டத்தில் வயலும் குளமும் நிறைந்த கிராமங்களும் உண்டு. உதயநாராயண்பூர், ஆம்தா ஆகியவை அப்படிப்பட்ட வட்டாரங்கள். அங்கே தாமோதர் ஆறு ஓடுகிறது. மழைக்காலம் வந்தால் அங்குள்ள மக்களுக்குக் கவலையும் வந்துவிடும். வெள்ளம் வருமா? கரை தாங்குமா?

வெள்ளம் ஏன் வருகிறது?

தாமோதர் ஆறு ஜார்க்கண்ட் மலைப் பகுதியில் பிறக்கிறது. மழை நீர் அங்கிருந்து வேகமாக இறங்கி வரும். வரும்போது மண்ணையும் மணலையும் அள்ளிக்கொண்டு வரும். ஹவுரா பக்கம் தரை சமமாக இருக்கிறது. அங்கே நீரின் வேகம் குறையும். மண் ஆற்றின் அடியில் தங்கிவிடும்.

ஒரு குடத்தில் பாதி அளவு மணல் இருந்தால் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? பாதிதான் பிடிக்கும். மீதி வழிந்துவிடும். தூர்ந்துபோன ஆறும் அப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஹூக்ளி ஆற்றில் கடலின் ஓதம் ஏறி இறங்கும். ஓதம் ஏறும்போது தாமோதர் நீர் வடிய வழி இருக்காது.

தாமோதர் ஹவுராவுக்கு வருமுன் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஆம்தா வழியாக வருகிறது. மற்றொரு கிளையின் பெயர் முண்டேஸ்வரி. காவிரிக்குக் கொள்ளிடம் போல, வெள்ளத்தில் பெரும் பங்கை முண்டேஸ்வரி சுமக்கிறது.

யாருடைய கரை?

1855இல் ஹவுராவிலிருந்து ராணிகஞ்ச் வரை ரயில் ஓடத் தொடங்கியது. அது வெள்ளையர் ஆட்சிக் காலம். தாமோதரின் இடது கரைப் பக்கம் ரயில் பாதை இருந்தது. பெரிய சாலையும் இருந்தது. அதனால் இடது கரையை உயர்த்திக் காத்தார்கள். வலது கரையில் சுமார் 20 மைல் நீளத்துக்குக் கரையை அகற்றிவிட்டார்கள். வெள்ளம் வலது பக்கக் கிராமங்களுக்குள் போனது.

எந்தக் கரைக்குக் காசு கிடைக்கிறதோ, அந்தக் கரை நிற்கும். இதை நாம் மறக்கக் கூடாது.

1943இல் பெரும் வெள்ளம் வந்தது. ரயில் பாதையும் சாலையும் உடைந்தன. கொல்கத்தாவே துண்டிக்கப்பட்டது. அதன் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. திலையா, கோனார், மைத்தான், பாஞ்செத் என்று நான்கு அணைகளை அது கட்டியது. முதலில் போட்ட திட்டத்தில் இன்னும் அதிக அணைகள் இருந்தன.

அணைகள் வந்ததால் வெள்ளம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. 1978, 2000, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் வெள்ளம் வந்தது. 2024 செப்டம்பரிலும் வந்தது. அணையிலிருந்து அளவுக்கு மீறி நீர் திறந்ததே காரணம் என்றார் அப்போதைய முதலமைச்சர் மம்தா பானர்ஜி. மாநில அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் திறந்தோம் என்றது மத்திய அரசு. இருவரும் வாதாடினார்கள். வயலில் நீர் நின்றது.

பணம் எங்கிருந்து வருகிறது?

நமது அரசியல் சட்டப்படி ஆற்றங்கரையும் வடிகாலும் மாநில அரசின் பொறுப்பு. ஆனால் மத்திய அரசும் உதவுகிறது. இதற்கென வெள்ள மேலாண்மைத் திட்டம் ஒன்று உண்டு. 2021 முதல் 2026 வரையான காலத்துக்கு அந்தத் திட்டத்துக்கும் எல்லைப் பகுதி ஆற்றுப் பணிகளுக்குமாகச் சேர்த்து 4,100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மேற்கு வங்காளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் ஒப்புதல் பெற்ற ஒரு வேலைக்கு 100 ரூபாய் ஆனால், மத்திய அரசு 60 ரூபாய் தரும். மாநிலம் 40 ரூபாய் போட வேண்டும்.

கடன் வாங்கியும் வேலை செய்யலாம். 2020 டிசம்பரில் கீழ்த் தாமோதர் பகுதிக்கு ஒரு திட்டம் கையெழுத்தானது. ஹவுரா உள்பட ஐந்து மாவட்டங்கள் அதில் உண்டு. பாசனக் கால்வாய்களைச் சீராக்குவதும் வெள்ளத்தைத் தடுப்பதும் அதன் நோக்கம். கணக்கைப் பார்ப்போம்.

உலக வங்கிக் கடன்: 14 கோடியே 50 லட்சம் டாலர்
ஆசிய உள்கட்டமைப்பு வங்கிக் கடன்: 14 கோடியே 50 லட்சம் டாலர்
மாநில அரசின் பங்கு: 12 கோடியே 38 லட்சம் டாலர்
மொத்தம்: 41 கோடியே 38 லட்சம் டாலர்

கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். அது மக்களின் வரிப் பணம். ஆகவே அதன் கணக்கைக் கேட்பது மக்களின் உரிமை.

முன்னால் ஒரு ரூபாய்

வெள்ளம் வந்த பிறகு அரிசியும் தார்ப்பாயும் கொடுக்கப் பணம் உண்டு. அது அவசியம்தான். ஆனால் கரையில் எலி வளை இருக்கும்போதே அடைத்துவிட்டால் செலவு சிறிது. கரை உடைந்த பிறகு செலவு பெரிது. வீடு போகும். மாடு போகும். பிள்ளைகளின் பாடப் புத்தகமும் போகும்.

தமிழ்நாட்டிலும் மேட்டூர் அணை திறக்குமுன் டெல்டா மாவட்டங்களில் தூர்வாருகிறார்கள். 2022இல் 80 கோடி ரூபாயில் 4,964 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலை நடந்தது. தண்ணீர் வருமுன் வேலை முடிய வேண்டும். வந்த பிறகு தூர்வாரினால் பயன் இல்லை.

ஆகவே கோடையிலேயே கேளுங்கள். நம் ஊர்க் கரைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள்? எத்தனை மீட்டர் வேலை? எப்போது முடியும்? கிராம சபையில் கேட்கலாம். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதலாம். மனு எழுதத்தான் நமக்கு எழுத்து தெரியுமே!

புதிய சொற்கள்

தூர்வாருதல் – ஆற்றின் அடியில் படிந்த மண்ணை அள்ளி எடுத்தல்
ஓதம் – கடல் நீர் ஏறி இறங்குதல்
ஒதுக்கீடு – ஒரு வேலைக்கென்று எடுத்துவைத்த பணம்

பேசிப் பார்ப்போம்

1. ஆறு தூர்ந்துபோனால் என்ன ஆகும்?
2. 50 லட்சம் ரூபாய் வேலைக்கு மத்திய அரசு 60 பங்கு தந்தால், மாநில அரசு எவ்வளவு போட வேண்டும்?
3. உங்கள் ஊர் ஏரி அல்லது ஆற்றின் கரையைக் கடைசியாக எப்போது சீர் செய்தார்கள்? விசாரித்து எழுதுங்கள்.