வெல்டிங் பெட்டி ஏன் இளைத்தது?

கேள்வி: எங்கள் பட்டறையில் முன்பு வெல்டிங் மெஷினை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். இப்போது இன்வெர்ட்டர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள். உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டார்களா?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: எடுக்கவில்லை. அது சுருங்கிப்போய் உள்ளேயே இருக்கிறது.

1885-இல் புடாபெஸ்டின் கன்ஸ் தொழிற்சாலையில் சிபெர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி என்ற மூவர் மூடிய இரும்பு உள்ளகம் வைத்த டிரான்ஸ்பார்மரைச் செய்தார்கள். உங்கள் பழைய மெஷினில் இருந்தது அதன் நேர் வாரிசு. சுவர் பிளக்கின் மின்சாரம் நொடிக்கு 50 முறைதான் முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த நிதானத்தில் உள்ளகத்தின் காந்தப்புலம் ஏறிக்கொண்டே போகும். அதைத் தாங்க இரும்பும் செம்பும் நிறைய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உள்ளகத்தின் குறுக்குவெட்டு 2.1 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு அதில் ஏறக்குறைய 3,500 சுற்று சுற்ற வேண்டும். அதே மின்சாரத்தை நேர்மின்னாக்கினால் சுமார் 325 வோல்ட். அதை நொடிக்கு 100,000 முறை முன்னும் பின்னும் ஆட்டிக் கொடுத்தால் 24 சுற்றே போதும்.

அப்படியானால் ஏன் நூறாண்டு காத்திருந்தார்கள்? அந்த வேகத்தில் இரும்புக்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி அடுப்பாய்க் கொதிக்கும். 1930-இல் தோக்கியோவில் கட்டோ, டக்கேய் இருவரும் கண்ட ஃபெரைட் வழிவிட்டது. இரும்பு ஆக்சைடை மற்ற உலோக ஆக்சைடுகளோடு கலந்து சூளையில் சுட்ட பீங்கான் இது. மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதை விற்கவே 1935-இல் டிடிகே நிறுவனம் பிறந்தது. நெதர்லாந்தில் பிலிப்ஸின் ஸ்னூக் அதை மேலும் செம்மையாக்கினார். அதன் பிறகும் வேகமான சுவிட்ச் வேண்டியிருந்தது. 1970-களின் இறுதியில் மின்திறன் மாஸ்ஃபெட் வந்துதான் அந்தக் குறை தீர்ந்தது.

இந்த வகைச் சுவிட்சுகள் நான்கை இரண்டு ஜோடியாக வைப்பதுதான் 'ஃபுல் பிரிட்ஜ்'. எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு ஒன்றாகத் திறக்க, அடுத்த நொடித்துளியில் மற்ற இரண்டு. உள்ளகம் இரு திசையிலும் வேலை செய்கிறது. இரண்டே சுவிட்ச் போடும் 'ஹாஃப் பிரிட்ஜ்' செலவு குறைவு. ஆனால் சுருளுக்குப் பாதி வோல்ட்தான் கிடைக்கும், அதே திறனுக்கு இருமடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். வெல்டிங் போன்ற கனமான வேலைக்கு நான்கே சரி.

சுவிட்சைத் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸுக்கு இன்டெல் வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். மின்திறன் சிப்புக்கு உரிய ஊர் கடல் தாண்டி, கெடாவின் கூலிம். அங்கே இன்ஃபினியோன் 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. அந்த ரகச் சுவிட்ச் இன்னும் அதிக வோல்டை, இன்னும் குறைந்த சூட்டில் கையாளும்.

கேள்வி: 24 சுற்றுதானே? எரிந்துபோனால் நானே சுற்றிக்கொள்ளலாமா?
— அதே வாசகர்

பதில்: சுற்றலாம், ஓடுமா என்பது வேறு விஷயம். 100,000 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓடும். தடித்த கம்பியின் நடுப்பகுதி சும்மா கிடக்கும். அதனால் இனாமல் பூசிய மெல்லிழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பியே வேண்டும். முதன்மைச் சுருளில் பாதி, மேலே இரண்டாம் சுருள், அதன் மேல் மீதிப் பாதி என்று அடுக்கினால் காந்தக் கசிவு குறையும். இரண்டுக்கும் நடுவே காப்பு நாடா தரமாக இல்லையென்றால் வெல்டிங் ராடைப் பிடிக்கும் கையில்தான் சுவர் மின்சாரம் இறங்கும்.

இன்னொரு வில்லங்கம்: ஒரு ஜோடி மற்றதைவிடத் துளி நேரம் கூடுதலாகத் திறந்திருந்தால், காந்தப்புலம் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். உள்ளகம் நிறைந்ததும் சுருள் வெறும் கம்பியாகிவிடும், சுவிட்ச் வெடிக்கும். சுருளோடு தொடராக ஒரு மின்தேக்கி போடுவது இதற்குத்தான். பல பேர் அதைத் தேவையற்றது என்று கழற்றிவிட்டுப் புது மாஸ்ஃபெட் வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

பெட்டியைத் திறந்தால் பெரிய மின்தேக்கிகளில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 325 வோல்ட் தங்கியிருக்கலாம். விரலுக்கு முன் மல்டிமீட்டரை வையுங்கள்.